டம் டம் தட்டுகள் யாருக்குச் சொந்தம்?

கம்பெனி கைமாறும்போது அதோடு சேர்ந்து பாட்டுகளும் கைமாறுகின்றன. நூற்றாண்டு கடந்த கல்கத்தா இசைத்தட்டு நிறுவனத்தின் கதை.

டம் டம் என்றால் இன்றைய பயணிகளுக்கு கொல்கத்தா விமான நிலையம். எழுபதுகளில் இசைத்தட்டு வாங்கிய தமிழர்களுக்கோ அது லேபிளில் பொடி எழுத்தில் அச்சான ஓர் ஊர்ப் பெயர். அதற்கு மேலே, குழாயில் வரும் எஜமானின் குரலைத் தலை சாய்த்துக் கேட்கும் நாய். எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் வீடு வீடாகப் போனது அந்த எச்.எம்.வி. லேபிளில்தான். அதை வெளியிட்ட கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா இன்று சரிகம இந்தியா என்ற பெயரில் இயங்குகிறது. நாய் போய்விட்டது. பாட்டுகளின் உரிமை மட்டும் போகவில்லை.

அந்த உரிமையின் பலம் 2025 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தெரிந்தது. பாலு மகேந்திராவின் 'மூடு பனி' (1980) படத்தில் கே.ஜே. யேசுதாஸ் பாடிய 'என் இனிய பொன் நிலாவே' பாட்டை 'அகத்தியா' படத்துக்காகப் புதிதாக உருவாக்கியிருந்தது வேல்ஸ் பிலிம் இன்டர்நேஷனல். இளையராஜாவிடம் அனுமதி வாங்கியாயிற்று என்பது அதன் வாதம். புதிய படத்தின் இசையமைப்பாளர் அவர் மகன் யுவன் சங்கர் ராஜா. ஆனால் 1980இல் 'மூடு பனி' தயாரிப்பாளர் கிராமபோன் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தை சரிகம நீட்டியது. உரிமை சரிகமவுக்கே என்பதுதான் முதல் பார்வையில் தெரிகிறது என்றது நீதிமன்றம். பாட்டை ஏற்கெனவே வெளியிட்டுவிட்டதால் தடை போடாமல், 30 லட்ச ரூபாய் கட்டச் சொன்னது.

இசையமைத்தவர் இருக்கிறார், பாடியவர் இருக்கிறார், எழுதிய கங்கை அமரன் இருக்கிறார். ஆனால் 45 வருடம் கழித்துப் பேசியது ஒரு காகிதம். அதில் கையெழுத்தானபோது கம்பெனி பிரிட்டனின் இஎம்ஐ குடும்பத்தில் இருந்தது. அதைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்ததோ வேறொரு முதலாளியின் கம்பெனி.

கதையின் தொடக்கம் 1901. அந்த வருடம் லண்டன் கம்பெனி கல்கத்தாவில் கிளை திறந்தது. மறு வருடம் நவம்பரில், ஒலிப்பதிவாளர் ஃப்ரெட் கெய்ஸ்பர்க்கின் குழாய் முன் கௌஹர் ஜான் பாடினார். தட்டு அச்சாக வேண்டியது ஜெர்மனியின் ஹானோவரில். அங்குள்ளவர்களுக்கு யார் குரல் என்று தெரியவேண்டுமே, அதற்காகப் பாட்டின் முடிவில் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொன்னார். 1908இல் சியால்டாவில் தொழிற்சாலை வந்தது, 1920களின் இறுதியில் டம் டம் வந்தது. காஜி நஸ்ருல் இஸ்லாம் சம்பளம் வாங்கிப் பாட்டு கட்டியது இந்தக் கம்பெனியில்தான்.

வங்காளிகளுக்கு இந்தக் கம்பெனி வருடா வருடம் ஒரு பழக்கத்தையும் கொடுத்தது: பூஜைப் பாட்டு. நமக்குத் தீபாவளி ரிலீஸ் எப்படியோ, அவர்களுக்கு துர்கா பூஜைக்கு வரும் புதுத் தட்டுகள் அப்படி. ஹேமந்த முகர்ஜி, மன்னா டே, சந்தியா முகர்ஜி என்று ஒவ்வொருவரும் அந்த வருடம் என்ன பாடியிருக்கிறார்கள் என்பது தெருமுனைப் பேச்சாக இருக்கும். பாட்டு வரிகளைத் தொகுத்து 'சாரத அர்க்ய' என்ற புத்தகத்தையும் கம்பெனி போடும். சினிமாவை நம்பாமல் நின்ற பாட்டு மரபு அது.

எண்பதுகளின் நடுவில் கம்பெனி ஆர்.பி. கோயங்காவின் ஆர்பிஜி குழுமத்துக்குப் போனது. டயர், மின்சாரம், சென்னையின் ஸ்பென்சர் என்று கம்பெனிகளை வாங்கியே வளர்ந்த குழுமம். அதன் கைக்கு வந்தபோது வீடு ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தது. கேசட் புயலில் தட்டுகள் பறந்துகொண்டிருந்தன. எச்.எம்.வி.யால் கேட்ட வேகத்துக்குக் கேசட் கொடுக்க முடியவில்லை. குல்ஷன் குமாரின் டி-சீரிஸ் சட்டத்தில் ஒரு சந்தைக் கண்டுபிடித்தது: அசல் வந்து இரண்டு வருடம் ஆனால், ராயல்டி கட்டிவிட்டு வேறு பாடகரை வைத்து அதே பாட்டைப் பதிவு செய்யலாம். லதா மங்கேஷ்கரின் பாட்டு வேறு குரலில், பாதி விலையில் பெட்டிக்கடை வரை போனது. (2012 திருத்தம் இரண்டை ஐந்தாக்கியது. அதற்குள் கேசட்டே செத்துவிட்டது.)

பூஜைப் பாட்டின் மவுசும் இந்தக் காலத்தில்தான் மங்கியது. புதிய முதலாளிமேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. ஆனாலும் அதைத் தூக்கி நிறுத்த யாரும் பெரிதாக மெனக்கெடவில்லை. பழைய சொத்திலிருந்து வாடகை வரும்போது புதிதாக ஒன்றை வளர்ப்பது செலவாகத்தான் தெரியும்.

வீடியோ கேம் உலகிலும் இதே நாடகம், வேகம்தான் கூடுதல். 1998இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கிய வெஸ்ட்வுட், 'கமாண்ட் அண்ட் காங்கர்' என்ற போர் விளையாட்டு வரிசையை உருவாக்கிய ஸ்டூடியோ. ஐந்தே வருடத்தில், 2003இல், அது மூடப்பட்டது. விளையாட்டின் பெயர் மட்டும் புதிய முதலாளியிடம் தங்கியது. 2020இல் அதே பழைய ஆட்டங்களைத் துடைத்துப் பளபளப்பாக்கி மறுபடி விற்றார்கள். அந்த வேலைக்கு அழைக்கப்பட்டவர்களில் பழைய வெஸ்ட்வுட்காரர்களும் இருந்தார்கள். 2023இல் மைக்ரோசாஃப்ட் சுமார் 6,900 கோடி டாலருக்கு ஆக்டிவிஷன் பிளிஸ்ஸர்டை வாங்கியது. மறு ஜனவரியிலேயே அதன் கேம் பிரிவில் 1,900 பேருக்கு வேலை போனது.

கொல்கத்தாவின் 'துடைத்துப் பளபளப்பாக்கிய' சரக்கு 2017இல் வந்தது. 2000இல் சரிகம என்று பெயர் மாறிய கம்பெனி, குடும்பப் பாகப்பிரிவினையில் சஞ்சீவ் கோயங்காவின் பங்குக்குப் போயிருந்தது. அது விற்பனைக்கு விட்ட கார்வான், பார்க்க அந்தக் கால ரேடியோ. உள்ளே 5,000 பழைய பாட்டுகள். ஆப், பாஸ்வேர்டு என்று பிள்ளைகளிடம் கெஞ்ச வேண்டாம், திருகினால் பாடும். பெற்றோருக்குப் பரிசாகக் கொடுக்கும் பொருளாகவே அதை விற்றார்கள். தமிழுக்கும் தனிப் பெட்டி வந்தது. பாட்டெல்லாம் போனிலேயே இலவசமாகக் கிடைக்கும் காலத்தில் காசு கொடுத்துப் பெட்டி வாங்கினார்கள் என்பது இசைத் துறையே எதிர்பாராதது. இன்று கம்பெனியின் முக்கிய வருமானம் இசை உரிமத்தில் இருக்கிறது. லட்சத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள் இருக்கும் களஞ்சியம் அது.

இஎம்ஐயிடமே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தாய் வீட்டின் கதி அதற்குப் பதில் சொல்கிறது. 2007இல் டெர்ரா ஃபர்மா என்ற முதலீட்டு நிறுவனம் பெருங்கடன் வாங்கி இஎம்ஐயைப் பிடித்தது. கடன் கட்ட முடியாமல் 2011இல் அது சிட்டிகுரூப் வங்கியிடம் போனது. அடுத்த வருடம் ஒலிப்பதிவுகள் யுனிவர்சலுக்கும், பாடல் வெளியீட்டு உரிமைகள் சோனி தலைமையிலான கூட்டணிக்கும் பிரிந்தன. கல்கத்தா மகள் முன்கூட்டியே வேறு வீடு போனதால் பாத்திரம் பண்டம் சிதறாமல் தப்பியது.

ஆனால் எந்த முதலாளியும் வாங்க முடியாத ஒன்று உண்டு: காலம். இந்தியாவில் ஒலிப்பதிவின் காப்புரிமை வெளியான வருடத்துக்குப் பின் 60 ஆண்டுகள். முன்பு 50 ஆக இருந்தது. தாகூரின் எழுத்துகள்மேல் விஸ்வபாரதியின் உரிமை 1991 முடிவில் காலாவதியாக இருந்தபோது, அதைக் காப்பாற்றத்தான் சட்டம் திருத்தப்பட்டது. 2001 கடைசியில் அந்தப் பத்து வருடமும் தீர்ந்தது. 1964இல் வெளிவந்த தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2024 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. பாட்டெழுதியவர், இசையமைத்தவர் படைப்புகளுக்கான கணக்கு வேறு, அவர்கள் மறைவுக்குப் பின் 60 வருடம். டம் டம்மின் பொற்காலத் தட்டுகள் ஒவ்வொரு புத்தாண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக வேலி தாண்டுகின்றன.

'மூடு பனி'யின் ஒலிப்பதிவுக்கு அந்த நாள் 2040 டிசம்பர் 31. அந்தப் பாட்டின் மெட்டும் வரிகளும் அதற்குப் பிறகும் வெகுகாலம் உரிமைக்காரர் கையில் இருக்கும்.