கழுத்து முள்ளெலும்பு அறுவையும் விழுங்கும் இடர்ப்பாடும்

மனிதனின் கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றின் இடையே அமைந்த வட்டுகள் தேய்ந்தோ பிதுங்கியோ தண்டுவடத்தையும் நரம்புகளையும் அழுத்தும்போது, கைகள் மரத்துப்போதல், நடை தளர்தல் போன்ற தொல்லைகள் தோன்றுகின்றன. பழுதுற்ற வட்டை அகற்றி, அவ்விடத்தில் எலும்புத் துண்டு பொருத்தி, அடுத்தடுத்த முள்ளெலும்புகளை ஒன்றாக இணைப்பது சிகிச்சை முறைகளுள் ஒன்று. இதனைக் கழுத்தின் முன்புறமாகச் செய்யும் முறையை 1950-களில் ஸ்மித், ராபின்சன், கிளவர்டு ஆகிய அமெரிக்க மருத்துவர்கள் வகுத்தனர்.

காரணம் என்ன?

முன்புறமாக அணுகினால் தண்டுவடத்தை விலக்காமலே வட்டை அடையலாம். இதுவே இம்முறையின் சிறப்பு. ஆனால் வழியில் உணவுக்குழலும் மூச்சுக்குழலும் உள்ளன. அவற்றை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்தே அறுவை நடைபெறுகிறது. இதனால் மென்திசுக்கள் வீங்குகின்றன. குரல்வளை நரம்புகள் இழுபடக்கூடும். எலும்பின்மீது பொருத்தப்படும் உலோகத் தகடும் உணவுக்குழலை உறுத்தலாம். எனவே முதல் சில நாட்களில் விழுங்குவது கடினமாக இருப்பது வியப்பன்று. பெரும்பாலோருக்கு இது சில வாரங்களிலோ மாதங்களிலோ தணிந்துவிடுகிறது; சிலருக்கு நீடிக்கிறது. முதியோருக்கும், பல முள்ளெலும்புகள் இணைக்கப்பட்டோருக்கும், மறு அறுவைக்கு உள்ளானோருக்கும் இவ்வாய்ப்பு மிகுதி.

கவனிக்க வேண்டியவை

நோயாளி நிமிர்ந்து அமர்ந்து, கஞ்சி, கிச்சடி போன்ற மென்மையான உணவைச் சிறு கவளங்களாக, அவசரமின்றி உண்ண வேண்டும். நீர் அருந்தும்போதெல்லாம் இருமலோ புரையேறுதலோ ஏற்பட்டால், நீர் மூச்சுக்குழலில் புகுகின்றது என ஐயுற வேண்டும். அது நுரையீரல் அழற்சியில் முடியலாம். பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எடுக்கப்படும் எக்ஸ்-ரே படம் பழுது எங்குள்ளது என்பதைக் காட்டும். மூச்சுத்திணறலோ, கழுத்தில் விரைந்து பெருகும் வீக்கமோ காணப்பட்டால், ஒரு கணமும் தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

செய்ய வேண்டுவது

இத்தகைய அறுவைகள் பெரும்பாலும் நகரங்களில் நடைபெறுகின்றன. நோயாளியோ சில நாட்களில் தொலைவிலுள்ள தம் ஊருக்குத் திரும்பிவிடுகிறார். இடர்ப்பாடு எத்தகையது என அறியாதவர் அஞ்சி உணவைக் குறைத்து மெலிகிறார். அல்லது ஆபத்தின் அறிகுறியைப் புறக்கணிக்கிறார். விழுங்கும் பயிற்சி அளிப்போர் பேச்சுச் சிகிச்சை வல்லுநர்களே. மைசூரில் 1965-இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இத்தகையோரைப் பயிற்றுவித்து வருகிறது. இவர்களது பணி மாவட்ட மருத்துவமனைகளிலும் கிடைக்க வேண்டும். வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் அவரவர் தாய்மொழியில் எழுதிய அறிவுரைத் தாள் வழங்குவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. அறுவையின் வெற்றி எலும்பு இணைவதோடு முடிவதில்லை. நோயாளி அச்சமின்றி உண்ணும்போதே அது நிறைவு பெறுகிறது.