புழு மருந்துக்குப் பழகுமா?

“குடற்பூச்சி மருந்து முன்போல் பலிப்பதில்லை, பூச்சிகள் மருந்துக்குப் பழகிவிட்டன” என்று பலர் கூறக் கேட்கிறோம். ஆசிரியர்களாகிய நாமும் வகுப்பில் சில வேளைகளில் அவ்வாறே சொல்லிவிடுகிறோம். இக்கூற்று சரிதானா என்பதை ஒரு சிறு புழுவின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

அப்புழுவின் பெயர் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். நீளம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். அழுகும் பழங்களிலும் இலைதழைகளிலும் வாழ்ந்து பாக்டீரியாக்களைத் தின்னும். மனிதருக்குத் தீங்கு செய்யாது. முட்டையாக இருந்தது தானே முட்டையிடும் பருவத்தை அடைய மூன்று நாட்களே போதும். இவ்வசதி கருதியே 1960களில் சிட்னி பிரன்னர் இதனைக் கேம்பிரிட்ஜில் தம் ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்தார். 2002இல் நோபல் பரிசு பெற்ற அவ்வறிஞர், பிற்காலத்தில் சிங்கப்பூரில் வாழ்ந்து 2019இல் அங்கேயே காலமானார்.

ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் வளர்க்கப்படுவது ஒரே குலத்துப் புழு. 1951இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், காளான் வளர்க்கும் எருவிலிருந்து எடுக்கப்பட்ட புழுவின் வழிவந்தது அது. வேறொரு குலம் 1972இல் ஹவாயின் மாவித் தீவில், ஓர் அன்னாசித் தோட்டத்தில் கிடைத்தது. இரண்டும் ஒரே இனத்தவை. தம்முள் கலந்து சந்ததி பெறக்கூடியவை.

இனி மருந்தைக் காண்போம். ஜப்பானிய மண்ணில் சத்தோஷி ஓமுரா கண்டெடுத்த ஒரு பாக்டீரியா, அவெர்மெக்டின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. அதிலிருந்து செய்யப்பட்ட ஐவர்மெக்டின் 1981இல் கால்நடை மருந்தாக விற்பனைக்கு வந்தது. பின்னர் மனிதரின் ஆற்றுக் குருட்டு நோய்க்கும் பயன்பட்டது. இதற்காக ஓமுராவும் வில்லியம் கேம்பலும் 2015இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

புழுவின் நரம்பு, தசை அணுக்களின் சவ்வில் நுண்ணிய வாயில்கள் உண்டு. அவை திறக்கும்போது குளோரைடு உள்ளே புகுந்து அணுவை அடக்கும். அவெர்மெக்டின் அவ்வாயிலில் பொருந்தி, அதனை மூடவிடாது செய்கிறது. புழு இரை விழுங்க இயலாமலும் அசைய இயலாமலும் மடிகிறது.

பிரிஸ்டல் புழு இந்நஞ்சுக்கு எளிதில் இரையாகிறது. ஹவாய்ப் புழுவோ தாங்கி நிற்கிறது. காரணம் யாது? இரு குலங்களையும் கலந்து பல வழிகளை உண்டாக்கி, எவ்வழி தாங்குகிறது, அதில் எப்பகுதி ஹவாயிலிருந்து வந்தது என ஒப்பிட்டனர். 2012இல் விடை வெளியாயிற்று. ஜி.எல்.சி-1 என்னும் மரபணு, அவ்வாயிலின் ஒரு பகுதியான புரதத்தை அமைப்பது. ஹவாய்ப் புழுவில் அப்புரதத்தின் பற்றுமிடத்தில் 4 அமினோ அமிலங்கள் இல்லை. அந்நஞ்சைச் சுரக்கும் பாக்டீரியாவையும் அதே குறை எதிர்க்க வைக்கிறது.

இங்கே ஆண்டுகளைக் கவனியுங்கள். புழு பிடிபட்டது 1972. மருந்து விற்பனைக்கு வந்தது 1981. இல்லாத மருந்துக்குப் புழு எவ்வாறு பழகியிருக்கும்? எதிர்ப்பு முன்னரே இருந்தது. மண்ணில் அந்நஞ்சும் இருந்தது. இம்மரபணுவின் இரு வடிவங்களும் நெடுங்காலமாகவே இயற்கையில் அருகருகே நிலைத்து வந்துள்ளன. எவ்விடத்தும் ஒன்றே சிறந்ததாயின் மற்றது மறைந்திருக்கும் அன்றோ?

பல நாடுகளில் இன்று ஆடுகளின் வயிற்றுப் புழுக்களுக்கு ஐவர்மெக்டின் பலிப்பதில்லை. அவற்றில் எதிர்ப்பைத் தரும் மரபணு வேறாக இருக்கலாம், முறை ஒன்றே. ஆயிரம் புழுக்களில் எதிர்ப்புடையவை சிலவே இருக்கலாம். மருந்து மற்றவற்றைக் கொல்ல, எஞ்சியவற்றின் சந்ததியே இடத்தை நிரப்புகிறது. மருந்து எதிர்ப்பைப் படைக்கவில்லை, பொறுக்கி எடுக்கிறது. அரைகுறை அளவில் கொடுத்தாலும், தேவையின்றி அடிக்கடி கொடுத்தாலும் அப்பொறுக்கும் வேலைக்கு நாமே துணை போகிறோம்.

ஆகவே, இனி ஒரு மாணவன் “பூச்சிகள் பழகிவிட்டன” என்று எழுதினால், அதனை அடித்துவிட்டு, “தப்பியவை பெருகின” என்று திருத்துவோம். அவ்விரு சொற்களில் பரிணாமத்தின் சாரமே அடங்கியிருக்கிறது.