பச்சைக் கொட்டையும் மண்சட்டியும்: ஊவாக் கோப்பி குறித்து ஒரு விளக்கம்

உணவும் பானமும் தனிமனித விருப்பின்பாற்பட்டவை எனக் கருதப்படுவதுண்டு. ஆயின், ஒரு பொருளின் சுவை எங்கே, எவருடைய கையில் உருப்பெறுகின்றது என்னும் வினாவை எழுப்பினால், அது உற்பத்தி உறவுகள் பற்றிய வினாவாகவே முடியும். பச்சைக் கோப்பிக் கொட்டையைத் தேர்ந்து வாங்கி வீட்டிலேயே வறுத்துக்கொள்ளும் வழக்கம், இன்று நகர்ப்புற மத்தியதர வகுப்பினரிடையே நுண்சுவையின் அடையாளமாகப் பரவிவருகின்றது. ஊவா மாகாணத்தைப் பொறுத்தவரை இதனை வெறும் புதுமையாகக் கொள்ளுதல் பொருந்தாது.

கொட்டையின் இயல்பிலிருந்தே தொடங்கலாம். நன்கு உலர்ந்த பச்சைக் கொட்டை, ஈரம் படாது காக்கப்படின் பல மாதங்கள் கெடாதிருக்கும். வறுத்த கொட்டை சில வாரங்களில் மணம் இழக்கும். அரைத்த தூளுக்கோ சில நாள்களே ஆயுள். ஆதலின் கோப்பி பச்சைக் கொட்டையாகவே கடல் கடந்தது. அதனை வறுத்தல் நுகர்வோர் வாழும் நாட்டில் நிகழ்ந்தது. இவ்வியற்கைத் தன்மையைக் குடியேற்ற ஆட்சிக்கால வணிகம் தனக்கேற்ற தொழிற்பிரிவினையாக ஆக்கிக்கொண்டது. விளைவித்தலும் பறித்தலும் இங்கே. சுவையாக்கலும் அதன்வழி வரும் இலாபமும் அங்கே.

பதுளையைச் சூழ்ந்த மலைகள் இவ்வரலாற்றின் ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் ஒருங்கே கண்டவை. தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்த தொழிலாளரின் உழைப்பில் விரிந்த கோப்பிப் பயிர்ச்செய்கை, 1878 அளவில் இலங்கையில் ஏறத்தாழ 275,000 ஏக்கரில் பரவியிருந்தது. ஆயினும் அதன் அழிவு முன்னரே தொடங்கிவிட்டது. இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூளாகப் படியும் நோயொன்று 1869 இல் மடுல்சீமைப் பகுதியில் முதலில் அவதானிக்கப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு, பெர்க்லி என்னும் ஆங்கில அறிஞர் அதற்குக் காரணமான பூஞ்சணத்தை அவ்வாண்டிலேயே ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டு விவரித்தார். 1880 களின் தொடக்கத்தில் இதனை இங்கு ஆராய்ந்த மார்ஷல் வார்ட், இடைவெளியின்றிப் பரந்த ஒற்றைப்பயிர்ச் செய்கை நோயின் பரவலுக்கு வழிவகுத்தமையை எடுத்துக்காட்டினார். அந்நூற்றாண்டின் இறுதிக்குள் கோப்பியின் இடத்தைத் தேயிலை கைப்பற்றிக்கொண்டது.

ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ வெளிவந்ததும் அதே 1869 ஆம் ஆண்டிலேயே என்பது குறிப்பிடத்தக்கது. நூலின் தலைப்பே கோப்பியைப் பயிர்த்தொழிலாகக் காட்டுகின்றது. பருகும் பொருளாக அன்று. மலையகத் தமிழ் எழுத்தில் கோப்பி முதலில் வேலையாகவே புகுந்தது எனலாம்.

பெருந்தோட்டம் அழிந்தபோதும் செடி முற்றாக அழியவில்லை. வீட்டுத் தோட்டங்களிலும் வேலியோரங்களிலும் எஞ்சிய செடிகளின் பழத்தைப் பறித்து, பாயில் உலர்த்தி, உரலில் இடித்து, சுளகில் புடைத்து, சட்டியில் வறுத்து, மல்லியும் சுக்கும் கலந்து தூளாக்கும் முறை நம் மக்களிடையே நிலவிவந்துள்ளது. இன்று நுண்சுவையாளர் பெருமையுடன் மேற்கொள்ளும் செயல், வறியோரின் அடுப்படியில் பெயரின்றி நடந்த செயலேயாகும்.

இனி, செய்முறையை நோக்குவோம். கொட்டை வாங்குவோர் முதலில் மூன்று செய்திகளைக் கேட்டறிதல் வேண்டும்: எப்போது பறிக்கப்பட்டது, எந்த ஊரில் எவ்வளவு உயரத்தில் விளைந்தது, பழத்தோடு உலர்த்தியதா அன்றித் தோல் நீக்கிக் கழுவி உலர்த்தியதா என்பன. பண்டாரவளை, அப்புத்தளை போன்ற உயர்ந்த பகுதிகளுக்கு அரபிக்கா இனம் ஏற்றது; தாழ்ந்த பகுதிகளில் நோயைத் தாங்கும் ரோபஸ்டா வளரும். நல்ல கொட்டை ஒரே அளவினதாய், பூசண நாற்றமின்றி, பூச்சித்துளையின்றி இருக்கும்.

அடி கனத்த மண்சட்டியிலோ இரும்புத் தாச்சியிலோ ஒரு கைப்பிடி, இரு கைப்பிடி அளவே இட்டு, இடைவிடாது கிளறுதல் வேண்டும். கொட்டை பச்சை நிறம் மாறி மஞ்சளாகும், பின்னர் பழுப்பாகும். ஏறத்தாழ 200 பாகை செல்சியசில் உள்ளிருக்கும் நீராவி வெளிப்பட, முதல் வெடிப்பொலி கேட்கும். அவ்வொலி ஓய்ந்ததும் இறக்கினால் கொட்டையின் இயல்பான புளிப்பும் மணமும் நிற்கும். இரண்டாம் வெடிப்பு வரை விட்டால் கசப்பு மேலோங்கி, விளைந்த நிலத்தின் சுவை மறையும். இறக்கியவுடன் சுளகில் பரப்பி விரைவாக ஆற்றி, உமியைப் புடைத்து, ஓரிரு நாள் கழித்து அரைத்தல் நன்று. அதற்குள் கொட்டையினுள் அடங்கிய கரியமிலவாயுவின் ஒரு பகுதி வெளியேறிவிடும்.

வறுத்தபின் சில கொட்டைகள் மட்டும் வெளிறியே நிற்பதைக் காணலாம். அவை பழுக்காத காயிலிருந்து வந்தவை. பழுத்ததை மட்டும் தேர்ந்து பறிக்க ஒரே செடிக்குப் பலமுறை திரும்பிவர வேண்டும். அதற்கு நேரம் செல்லும். பறித்த நிறையை மட்டுமே கணக்கிட்டுக் கூலி தரப்படும்போது, காயும் பழமும் ஒருங்கே உருவப்படுதல் இயல்பே. ஆகவே, அவ்வெளிறிய கொட்டை பறித்தவரின் கவனக்குறைவைக் காட்டுவதன்று, கூலிமுறையைக் காட்டுவது. சிறப்புக் கோப்பி எனப்படுவது, நூற்றுக்கு 80 புள்ளிகளுக்குக் குறையாது சுவைத்தேர்வில் பெறும் கோப்பியாகும். அப்புள்ளிகளுக்கு வறுப்பவரின் திறன் மட்டுமன்றி, பறிப்பவரின் பொறுமையும் அடிப்படையாகின்றது. வாங்குவோர் கேட்க வேண்டிய நான்காம் வினா இதிலிருந்தே பிறக்கின்றது: இப்பழத்தைப் பறித்தவருக்கு என்ன கொடுக்கப்பட்டது?

பச்சைக் கொட்டையை விளைந்த இடத்திலேயே வறுத்தல், சுவையாக்கலையும் விளைவித்தலையும் பிரித்துவைத்த பழைய ஏற்பாட்டை ஓரளவு தகர்க்கின்றது. எனினும் அதனை மிகைப்படுத்தலாகாது. இலங்கையில் இன்று கோப்பி பெரும்பாலும் சிறு நிலவுடைமையாளரின் பயிராகும். இம்மலைகளிற் கோப்பிக்கெனக் காடழித்தவர்களின் வழித்தோன்றல்களோ 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டனர். குடியுரிமைச் சிக்கல் பின்னர் படிப்படியாகத் தீர்க்கப்பட்ட போதிலும், லயங்களில் வாழும் பெரும்பாலோருக்குக் காணியுரிமை இன்னும் முழுமையாகக் கிட்டவில்லை. தமக்கெனப் பத்துச் செடி நடுவதற்கு நிலமற்றவர்க்குப் பத்துச் செடியின் சுவையும் விலையும் உரியனவாகா. வறுக்கும் முறையைக் கற்றுக்கொள்வது எளிது. செடி நிற்கும் மண் எவருக்கு உரியது என்பதே தீர்க்கப்படவேண்டிய வினாவாக எஞ்சுகின்றது.