கற்காரைக்குள் கடல்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே செல்வோர், கோவளத்தைக் கடந்ததும் திருவிடந்தையை அடைவர். திருமங்கையாழ்வார் பாடிய நித்தியகல்யாணப் பெருமாள் கோயில் இங்கே உள்ளது. இன்னும் தெற்கே, மாமல்லபுரத்தில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் எழுப்பிய கடற்கரைக் கோயில் நிற்கிறது. உப்புக்காற்று அதன் சிற்பங்களின் முகங்களைத் தேய்த்துவிட்டது, கோயிலைச் சாய்க்கவில்லை. அதே காற்றை எதிர்கொள்ளும் கான்கிரீட் வீடுகளிலோ, கட்டிய சில ஆண்டுகளிலேயே சன்ஷேடின் அடிப்புறம் வெடித்து, பழுப்புநிறக் கம்பி வெளியே தெரிவதைக் காணலாம். கோயிலைத் தாங்குவது கல்லின் எடை. நம் வீட்டைத் தாங்கும் பொறுப்பில் பாதியைக் கம்பியிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

கற்காரை எனப்படும் கான்கிரீட், அழுத்தத்தை நன்கு தாங்கும். இழுவிசைக்கு எளிதில் விரிசல் விடும். இக்குறையை ஈடுசெய்யவே அதனுள் எஃகுக் கம்பி வைக்கப்படுகிறது. பிரான்சு நாட்டுத் தோட்டக்காரர் சோசப் மோனியே, கம்பி வலை பொதிந்த பூந்தொட்டிகளுக்கு 1867இல் காப்புரிமை பெற்றார். வெப்பத்தால் இரும்பும் கான்கிரீட்டும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிவடைவது இவ்விணைப்பிற்குக் கிடைத்த நற்பேறு எனலாம்.

மற்றொரு நற்பேறும் உண்டு. சிமெண்ட் நீருடன் வினைபுரியும்போது சுண்ணாம்பு உருவாகிறது. அதனால் கான்கிரீட்டின் உட்புறம் மிகுந்த காரத்தன்மை கொண்டிருக்கும், அதன் பி.எச். மதிப்பு 12.5க்கும் மேல். அச்சூழலில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் தோன்றி, துருவைத் தடுக்கிறது. அப்படலம் உள்ளவரை கம்பிக்குக் கேடில்லை.

படலத்தை அழிக்கும் வழிகள் இரண்டு. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு நுண்துளைகள் வழியே புகுந்து சுண்ணாம்போடு வினைபுரிந்து காரத்தன்மையைக் குறைப்பது ஒன்று. இது எல்லா ஊர்களிலும் மெதுவாக நிகழ்வது. ஆய்வகத்தில் நாம் பயன்படுத்தும் பினாப்தலீன் கரைசலை, உடைத்த கான்கிரீட்டின் புதிய பரப்பில் தெளித்தால் இதனை அறியலாம். காரம் உள்ள இடம் இளஞ்சிவப்பாகும். காரம் இழந்த இடம் நிறம் மாறாது. கடற்கரையிலோ இச்சோதனையை மட்டும் நம்ப இயலாது. பரப்பு முழுவதும் சிவந்து காட்டியும் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கலாம். ஏனெனில் இரண்டாம் பகைவனாகிய குளோரைடு, காரத்தைக் குறைக்காமலேயே படலத்தைத் துளைக்கும். கடல்நீரின் ஒவ்வொரு லிட்டரிலும் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அலை சிதறும்போது எழும் நுண்திவலைகள் அவ்வுப்பைச் சுவரில் படியச் செய்கின்றன. மழையும் ஈரமும் அதனை உள்ளே கொண்டு செல்கின்றன. வினையில் குளோரைடு செலவழிந்து போவதும் இல்லை; மீண்டும் விடுபட்டு அடுத்த வினைக்கு ஆயத்தமாகிறது.

படலம் துளைபட்ட இடம் நேர்மின்வாயாகவும் கம்பியின் ஏனைய பகுதி எதிர்மின்வாயாகவும் அமைய, கம்பியே ஒரு மின்கலம் ஆகிறது. இரும்பு கரைந்து துருவாகிறது. துருவின் கன அளவு, கரைந்த இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இருக்கும். அதன் நெருக்குதலால் கான்கிரீட் கம்பியின் நீளவாக்கிலேயே பிளக்கிறது. பிளவு ஈரத்துக்கும் காற்றுக்கும் வழிதிறக்க, அரிமானம் விரைவுபெறுகிறது.

ஆகவே கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் இடைப்பட்ட சில சென்டிமீட்டர் கான்கிரீட்டே கட்டடத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 (2000), பாதிப்பு குறைந்த சூழலில் இம்மூடலின் தடிமன் 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. கடற்கரைச் சூழலுக்கு 45; கடல்நீர்த் தூறல் படும் பரப்புக்கு 50; அலை ஏறி இறங்கும் பகுதிக்கு 75. முழுதும் மூழ்கிய தூணைவிட நனைந்தும் உலர்ந்தும் வரும் பகுதியே விரைவில் கெடுவதால் இவ்வேறுபாடு. கட்டுமான இடத்தில் இத்தனையும் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் என்னும் சிறு சிமெண்ட் வில்லையைச் சார்ந்திருக்கிறது. அதற்குப் பதிலாக ஜல்லித் துண்டைச் செருகிவிடுவதைப் பலரும் கண்டிருப்பர். கான்கிரீட் கொட்டும்போது அது நழுவினால் கம்பி பலகையில் படிந்துவிடும்.

தடிமன் இருந்தும் செறிவு இல்லையேல் பயனில்லை. கடற்கரைக்கு அவ்விதி அனுமதிக்கும் நீரின் அளவு, சிமெண்டின் எடையில் 0.45 பங்கு, 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர். வேலை எளிதாக வேண்டும் என்று கூடுதலாக ஊற்றும் நீர், பின்னர் ஆவியாகி நுண்துளைகளை விட்டுச்செல்லும். கடற்கரை மணலும் உவர்நீரும் கலவையில் சேர்ந்தாலோ பகைவன் முதல் நாளிலேயே உள்ளே குடியேறிவிடுகிறான்.

காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், இதற்கென மண்டபம் கடற்கரையில் சோதனை நிலையம் அமைத்துள்ளது. கம்பிகளுக்கான காப்புப் பூச்சுகளையும் உருவாக்கியுள்ளது. அண்மையிலுள்ள பாம்பனில் 2025இல் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் இடப்பட்டுள்ளன. எல்லா வீடுகளுக்கும் அச்செலவு இயலாது. முறையான மூடலும் ஏழு நாளுக்குக் குறையாத நீராற்றலும் எவருக்கும் இயலும்.

கெட்டபின் செய்யும் பழுதுநீக்கத்தில் ஒரு பொறி உண்டு. வெடித்த இடத்தை மட்டும் கொத்திப் புதிய கலவை பூசினால், அப்பகுதிக் கம்பி எதிர்மின்வாயாகி, உப்பு தங்கிய பக்கத்துக் கம்பி நேர்மின்வாயாகிறது. சில ஆண்டுகளில் பூச்சின் விளிம்பை ஒட்டியே புதிய விரிசல் தோன்றும். கொத்தனாரைக் குறைகூறுவதில் பயனில்லை. சுத்தியலால் தட்டி, வெற்றொலி எழும் இடம் முழுவதையும் கண்டறிந்து, கம்பியின் பின்புறம் வரை கான்கிரீட்டை நீக்கித் துருவைச் சுரண்டிய பின்னரே புதுக்கலவை இடவேண்டும். தேய்ந்து மெலிந்த கம்பிக்கு இணையாக வேறு கம்பியும் சேர்க்க வேண்டும்.