அரிசி டின்னும் சாவிக்கொத்தும்: ரத்தம் ஊறும் கணக்கு

"ரத்தம் கம்மியா இருக்காம் மதினி. மாதுளம்பழம் சாப்பிடச் சொல்றாங்க."

கம்பத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். மாதுளைக்குப் பின்னாலேயே பீட்ரூட், பேரீச்சம்பழம், கறுப்புத் திராட்சை என்று பட்டியல் நீளும். திராட்சை மட்டும் கொஞ்சம் பெருமையோடு வரும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் பன்னீர் திராட்சை அல்லவா! சிவப்பாகவோ கறுப்பாகவோ இருப்பதெல்லாம் உள்ளே போய் ரத்தமாகிவிடும் என்று நமக்கு ஒரு நம்பிக்கை. ஆனால் 100 கிராம் மாதுளை முத்தில் இருக்கும் இரும்புச்சத்து அரை மில்லிகிராம்கூட இல்லை. திராட்சையும் அதே கதைதான். பழம் நல்லது, தாராளமாகச் சாப்பிடட்டும். ரத்தம் ஏன் குறைந்தது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கும்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாடு முழுக்க 57 சதவீதம். அதே வயது ஆண்களில் நாலில் ஒருவருக்குத்தான். ஒரே அடுப்பு, ஒரே குழம்பு. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? அதைப் புரிந்துகொள்ள உடம்பை ஒரு வீட்டு அடுக்களையாக வைத்துப் பார்ப்போம்.

அந்த வீட்டில் இரும்புச்சத்துதான் அரிசி. எலும்பு மஜ்ஜை உலைப் பானை. அங்கே வடித்து இறக்கும் சோறு, ஹீமோகுளோபின் நிறைந்த சிவப்பணுக்கள். நுரையீரலில் இருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு போய்க் கால் பெருவிரல் வரை கொடுப்பது இவைதான். நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் இறங்கிக்கொண்டே இருக்கும். நாம் தூங்கும்போதும் உலை அணையாது.

இந்த உலைக்கு ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு வேண்டும். சாப்பாட்டில் இருந்து உள்ளே வருவதோ 1, 2 மில்லிகிராம். மீதி எங்கிருந்து? பழைய சோற்றில் இருந்து. ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். வயதானவற்றை மண்ணீரலும் கல்லீரலும் பிடித்து உடைத்து, உள்ளே இருக்கும் இரும்பை ஒரு பருக்கை சிந்தாமல் திரும்ப உலைக்கு அனுப்பிவிடும். இவ்வளவு சிக்கனமான குடும்பத்தலைவி எந்த ஊரிலும் கிடையாது. பிள்ளை பெற்றவளுக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறதே, அந்தச் சுவரொட்டி ஆட்டின் மண்ணீரல்தான். இரும்பு வந்து குவியும் இடம். கறியைவிடப் பல மடங்கு இரும்பு அதில் உண்டு. மாதுளையில் கோட்டை விட்டாலும் நம் பாட்டிமார் இதில் ஜெயித்துவிட்டார்கள்.

உலைக்குப் பக்கத்தில் அரிசி டின் ஒன்று இருக்கிறது. அவசரத்துக்கு எடுக்க வைத்திருக்கும் சேமிப்பு. மருத்துவர்கள் இதை ஃபெரிட்டின் என்ற பரிசோதனையால் அளக்கிறார்கள். ஆண்களின் டின்னில் 1,000 மில்லிகிராம் வரை கிடக்கும். பெண்களிடம் 300 இருந்தாலே நல்ல நிலைமை. காரணம், மாதாமாதம் இந்த வீட்டில் இருந்து ஒரு பங்கு சோறு வெளியே போய்விடுகிறது. வெளியே போன சோற்றைத் திருப்பி உலையில் போட முடியாது.

எவ்வளவு போகிறது என்று காசு கணக்குப் போலப் பார்த்துவிடலாம். சாதாரண மாதவிலக்கில் போகும் ரத்தம் 30 முதல் 40 மில்லி. ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 0.4 மில்லிகிராம் இரும்பு. ஆக மாதம் 15 மில்லிகிராம், நாளுக்கு அரை மில்லிகிராம். தோல், குடல் வழியாக எல்லோருக்கும் போகும் 1 மில்லிகிராமையும் சேர்த்தால் ஒன்றரை. நம் அரிசிச் சாப்பாட்டில் இருக்கும் இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது நூற்றுக்கு எட்டு பங்குபோல. 15 மில்லிகிராம் இரும்புள்ள சாப்பாடு சாப்பிட்டால் உள்ளே சேர்வது 1.2. தினமும் 0.3 துண்டு விழுகிறது. தட்டில் ஒன்றும் தெரியாது. டின்னில் இருந்து எடுத்துச் சமாளித்துவிடும். இதனால்தான் 2020-ல் ஐ.சி.எம்.ஆர். வகுத்த அளவில் ஆணுக்கு நாளைக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29. நம் வீடுகளில் பரிமாறும் முறையோ இதற்கு நேர் தலைகீழ். கறித்துண்டு அவருக்கு, அடியில் தங்கிய குழம்பு இவளுக்கு.

மாதவிலக்கில் 80 மில்லிக்கு மேல் போனால் அது அதிக உதிரப்போக்கு. அப்போது மாதவிலக்குச் செலவு மட்டுமே நாளுக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டும். எந்தக் கீரையும் இந்த ஓட்டையை அடைக்காது. மில்லி அளந்து பார்க்க யாராலும் முடியாது என்பதால் வேறு அடையாளங்கள் உண்டு: ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாப்கின் மாற்ற வேண்டியிருப்பது, ராத்திரி அதற்காகவே எழுந்திருப்பது, ரூபாய்க் காசைவிடப் பெரிய கட்டிகள், ஏழு நாளைத் தாண்டுவது. "எங்கம்மாவுக்கும் இப்படித்தான், எங்க வாகு" என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். வாகு என்று பெயர் வைத்த பல விஷயங்களுக்கு மருந்து இருக்கிறது.

அதிகமாகப் போவது ஏன்? ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உட்சுவரைத் தடிமனாக்கும். கருமுட்டை வெளிவந்தபின் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் அந்த வளர்ச்சியை ஒரு வரம்புக்குள் நிறுத்தும். அது வடிந்ததும் சுவர் ஒழுங்காகக் கழன்று வரும். கருமுட்டை வராத மாதங்களில் நிறுத்த ஆள் இல்லை. சுவர் கண்டபடி தடித்து, நாள் தள்ளிப் போய், பிறகு மொத்தமாகக் கொட்டும். வயசுக்கு வந்த முதல் ரெண்டு வருடம், நாற்பத்தைந்தை ஒட்டிய காலம், பி.சி.ஓ.எஸ். இருப்பவர்கள் – இவர்களிடம் இது அதிகம். இவை தவிர நார்க்கட்டி, தைராய்டு குறைவு, காப்பர்-டி, அபூர்வமாக ரத்தம் உறைவதில் பிறவிக் குறை. டிரானெக்சாமிக் அமிலம், ஹார்மோன் மாத்திரை, ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனம் என்று வழிகள் பல. நாற்பது வயதுக்குள்ளேயே "பையை எடுத்துட்டோம்" என்பது முதல் யோசனையாக இருக்க வேண்டியதில்லை.

இனி சாவிக்கொத்து. வாசலில், அதாவது சிறுகுடலில், வந்து இறங்கும் அரிசி எல்லாம் உள்ளே போய்விட முடியாது. இடுப்பில் சாவி செருகிய ஒரு மாமியார் நிற்கிறாள். பெயர் ஹெப்சிடின், கல்லீரலில் சுரக்கிறது. இவளை அறிவியல் அடையாளம் கண்டே கால் நூற்றாண்டுதான் ஆகிறது. டின் காலியானால் கதவைத் தாராளமாகத் திறப்பாள், நிறைந்திருந்தால் பூட்டுவாள். நியாயம்தான், வேண்டாத இரும்பை வெளியே தள்ள உடம்புக்கு வேறு வழி இல்லை. ஆனால் காய்ச்சலோ தீராத அழற்சியோ இருந்தாலும் பூட்டிவிடுவாள். கிருமிகளும் இரும்பு தின்பவை. வீட்டுக்குள் திருடன் புகுந்திருக்கும்போது டின்னைத் திறந்து வைப்பாளா? நாள்பட்ட நோயாளிகளுக்கு மாத்திரை போட்டும் ரத்தம் ஏறாததன் ரகசியம் இது.

ஒரு மாத்திரை போட்டதும் "நிறைய வந்துவிட்டது" என்று சுமார் ஒரு நாள் முழுக்க அவள் கதவை ஒருக்களித்து வைத்திருப்பாள். 2017-ல் சுவிட்சர்லாந்தில் சேமிப்புக் குறைந்த இளம்பெண்களிடம் செய்த ஆய்வில், தினம் தினம் கொடுத்ததைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தபோது உடம்பு எடுத்துக்கொண்ட பங்கு கூடியது. வயிற்றுப் புரட்டலால் மாத்திரையை நிறுத்தப் பார்ப்பவர்கள், நிறுத்துவதற்கு முன்னால் இதை மருத்துவரிடம் கேட்கலாம். கர்ப்பிணிகள் தாங்களாக மாற்றக் கூடாது. அவர்களுக்கு 180 நாளும் தினம் ஒன்று என்பதே அரசு முறை.

மாமியார் திறந்து வைத்தாலும் வாசலிலேயே வழி மறிப்பவர்கள் உண்டு. இங்கேதான் கம்பத்துக்கென்று ஒரு சங்கதி. விடியற்காலையிலேயே ஜீப்பில் நெருக்கியடித்துக் கம்பம்மெட்டு, குமுளி வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிற பெண்களின் நாளை நினைத்துப் பாருங்கள். வெறும் வயிற்றில் ஒரு கடுங்காப்பி. தோட்டத்தில் தூக்குவாளிச் சோற்றைச் சாப்பிட்ட கையோடு ஒரு கட்டன் சாயா. மலைக்குளிருக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் தேயிலையில் இருக்கும் டானின், சோற்றோடு வந்த இரும்பைக் கட்டிப்பிடித்துக் கொண்டு உள்ளே விடாது. சாப்பாட்டோடு டீ குடித்தால் சேர வேண்டியதில் பாதிக்கு மேல் போய்விடலாம். காபியும் தடுக்கும், டீ அளவுக்கு இல்லை. டீயை விட வேண்டியதில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் போதும். பத்து ரூபாய் செலவில்லாத வைத்தியம் இது, ஆனால் மாதுளையைச் சொல்பவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை.

பாலும் கால்சியம் மாத்திரையும் இதே போல மறிக்கும். கர்ப்பிணிக்கு ரெண்டு மாத்திரையும் ஒரே கையில் கொடுத்து அனுப்புவார்கள். வீட்டில் ரெண்டையும் ஒரே வாயில் போட்டுவிடுவார்கள். கால்சியம் ஒரு வேளை, இரும்பு ஒரு வேளை என்று பிரிக்க வேண்டும். கதவை அகலத் திறப்பது வைட்டமின் சி. சோற்றில் எலுமிச்சை பிழிவது, ஒரு நெல்லிக்காய், ஒரு கொய்யா. கம்பில் 100 கிராமுக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. இரவே கரைத்துப் புளிக்கவைத்த கம்பங்கூழில் இரும்பைப் பூட்டி வைக்கும் ஃபைட்டேட் குறைவதால் பலன் கூடும். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் சட்டியே கொஞ்சம் இரும்பு கொடுக்கும். ரேஷனில் வந்த செறிவூட்டிய அரிசியைப் "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கி எறிந்தவர்கள் எறிந்தது, இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-உம் சேர்த்துச் செய்த பருக்கைகளை.

செருப்பில்லாமல் ஈரமண்ணில் நிற்பவர்களுக்கு இன்னொரு செலவும் உண்டு. கொக்கிப்புழு பாதத்தின் வழியாக ஏறிக் குடலில் தங்கி ரத்தம் குடிக்கும். புழுவைக் கொல்லும் அல்பெண்டசோல் மாத்திரை பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது.

அரசு கொடுக்கும் சத்து மாத்திரையில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் இருக்கும். அதற்குப் பின்னால் நம் பக்கத்துக் கதை ஒன்று. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே நெசவாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளை ஒருவகைக் கடும் ரத்தசோகை வாட்டியது; இரும்பு கொடுத்தும் பலனில்லை. சோதனைகளில் ஒரு பகுதியை நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் செய்தார். கடைசியில் மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு அதைக் குணமாக்குவதைக் கண்டு 1931-ல் வெளியிட்டார். அதில் இருந்த பொருள்தான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று தெரிந்தது. அடுக்களைக் கணக்கில் சொன்னால், அரிசி இருந்தும் உலையில் தண்ணீர் இல்லாத நிலைமை அது.

இப்போது லேப் சீட்டைக் கையில் எடுப்போம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும்; 8-க்குக் கீழே போனால் ஆபத்து. ஆனால் இந்த எண் தட்டில் விழும் சோற்றை மட்டும்தான் சொல்லும், டின்னைச் சொல்லாது. முதலில் காலியாவது டின். அப்புறம் உலைக்குப் போடும் அரிசி குறையும். சிவப்பணுக்கள் சின்னதாக, வெளிறி இறங்கும். கடைசியில்தான் ஹீமோகுளோபின் சரியும். 12.1 என்று சீட்டில் பார்த்து "நார்மல்" என்று வீட்டுக்கு வருகிறவளின் டின் சுரண்டிய நிலையில் இருக்கலாம். படியேறினால் மூச்சு வாங்குவது, முடி கொட்டுவது, சாம்பலோ பச்சரிசியோ தின்னத் தோன்றுவது எல்லாம் அந்த நேரத்திலேயே தொடங்கிவிடும். அப்போது ஃபெரிட்டின் பார்க்கலாமா என்று கேட்பதில் தப்பில்லை.

இதே காரணத்தால்தான் மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது மோசம். மாத்திரை போட ஆரம்பித்த மூன்று, நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒன்றிரண்டு புள்ளி ஏறும், உடம்பு தெம்பாகும். மலம் கறுப்பாகப் போகிறது, மலச்சிக்கல் வேறு. (கறுப்பு பயப்பட வேண்டியதல்ல, உடம்பு எடுக்காத இரும்பின் நிறம்.) "சரியாப் போச்சு" என்று மாத்திரை அட்டை அலமாரிக்குப் போய்விடும். தட்டு நிறைந்தது, டின் காலிதான். எண் 12-ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம்போலத் தொடர்ந்தால்தான் டின் நிறையும்.

டின் நிறைந்திருக்க வேண்டியது கல்யாணத்துக்கு முன்னால். ஒரு பிள்ளைப்பேறு முழுசுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 1,000 மில்லிகிராம் இரும்பு கேட்கும். 300 வைத்திருப்பவளே திணற வேண்டும், ஒன்றுமில்லாதவள் பிரசவத்தில் அரை லிட்டர் ரத்தம் போனால் என்ன செய்வாள்? பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கும் நீல நிற மாத்திரையை மகள் விழுங்குகிறாளா, ஜன்னல் வழியே எறிகிறாளா என்று கேட்கும் வேலை வீட்டில் உள்ளவர்களுடையது.

சொன்ன மாதிரி எல்லாம் போட்டும் ஒரு மாதத்தில் எண் அசையவில்லை என்றால் மாத்திரையை மாற்றிக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை. உதிரப்போக்கு நிற்கவில்லையா, மூலத்திலோ குடலிலோ ரத்தம் போகிறதா, பி12 குறைவா, தலசீமியா வாகா என்று மருத்துவர் தேட வேண்டும். தலசீமியா வாகு உள்ளவர்களின் சிவப்பணுக்களும் சின்னதாகத்தான் இருக்கும். அவர்களில் பலரின் டின் நிறைந்தே இருக்கும், இன்னும் அரிசி கொட்டினால் கெடுதல்தான். மருத்துவரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டோடு, கடைசி மூன்று மாதத்துத் தேதிகளையும், எத்தனை நாள், நாளைக்கு எத்தனை நாப்கின் என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கிறார் என்று அந்தச் சீட்டை மடித்து வைத்துவிட வேண்டாம்.