சைலன்சர் மாற்றியாயிற்றா? இணைப்பைப் பாருங்கள்!

சென்னை புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ ஒரு சைலன்சரை வாங்கிவந்து, யூடியூப் வீடியோவைப் பார்த்தபடி வீட்டு வாசலிலேயே காருக்கு மாட்டிவிடுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். புகையின் நச்சைக் குறைக்கும் கன்வெர்ட்டரைத் தொடாமல் அதற்குப் பின்னால் உள்ள குழாயை மட்டும் மாற்றுவது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை. சில நட்டுகள், குழாயைத் தொங்கவிடும் ரப்பர்கள், ஒரு கேஸ்கட், அவ்வளவுதான். முதல் நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து ஊறவிட்டால், காலையில் நட்டு சொன்ன பேச்சு கேட்கும். ரப்பரை உருவச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸ் தடவினால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. கெட்டியான சமதரையில் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

இதையெல்லாம் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். அந்தக் குழாய் வழியே புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு இதைப் பற்றிக்கொள்கிறது. முதலில் லேசான தலைவலி, பிறகு குமட்டல், தலைச்சுற்றல், தூக்கம். நெடும்பயணத்தில் இவை யாருக்கும் வருபவைதானே? 'வெயில்', 'பித்தம்', 'சரியாகச் சாப்பிடவில்லை' என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறோம். எனக்கு அச்சம் தருவது இந்த அலட்சியம்தான்.

குழாய் வீட்டில் மாறும்போது வாயு எங்கே கசிகிறது? பெரும்பாலும் இணைப்பில். கழற்றிய பழைய கேஸ்கட் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது ஒருமுறை நசுங்கி, பழைய குழாயின் வாய்க்கு ஏற்றபடி படிந்துபோனது. அதையே திரும்பப் போட்டால் புதுக் குழாயின் வாயில் முழுதாகப் பொருந்தாது. புது கேஸ்கட்டின் விலை சைலன்சர் விலையில் ஒரு சிறு துண்டுகூட இல்லை. அதில் மிச்சம் பிடிப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

குழாயின் நீளமும் முக்கியம். வால்முனை பம்பரைத் தாண்டி வெளியே நீள வேண்டும். அழகுக்காகக் குட்டையாக வெட்டி உள்ளே தள்ளி மாட்டினால் புகை வண்டியின் அடியிலேயே தங்கும். ஓடுகிற காருக்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும். அங்கே சுழலும் புகையை டிக்கிக் கதவின் தேய்ந்த ரப்பர் உள்ளே விடும், தரைத் தகட்டில் மூடி விழுந்துபோன துளையும் விடும். ஹேட்ச்பேக் காரில் நீளமான சாமானை ஏற்றி டிக்கியைப் பாதி திறந்தபடி ஓட்டுகிறவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நிலைமை மோசம். கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால்தான் கார்பன் மோனாக்சைடைக் கரியமில வாயுவாக மாற்றத் தொடங்கும். கிளப்பிய முதல் சில நிமிடங்களில் வருவது ஏறக்குறைய வடிகட்டாத விஷம். மாட்டி முடித்த குஷியில் மூடிய ஷெட்டுக்குள் இஞ்சினை உறுமவிட்டுச் சத்தம் கேட்பது அந்த நிமிடங்களில்தான்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக உண்டாகிறது. காலையில் சைலன்சர் சொட்டுவது அதனால்தான். பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓடும் காரில் குழாய் முழுதாகச் சூடேறாமல் அந்த நீர் உள்ளேயே தங்கி, மலிவான இரும்புக் குழாயை உள்ளிருந்து அரிக்கும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற ஊர்களில் வெளியிலிருந்து உப்புக்காற்று அரிக்கும். வெல்டிங் ஓரத்தில் விரிசல் விழும். ஆகவே மாட்டிய அன்று கசியவில்லை என்பதோடு நிம்மதி கொள்ள முடியாது.

கன்வெர்ட்டரையே கழற்றி எறிகிறவர்களிடம் சட்டத்தைத்தான் நினைவூட்ட வேண்டும். ஒலி, காற்று மாசு விதிகளை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. லைசென்ஸும் மூன்று மாதம் செல்லாது. புகைக்குத் தடை குறைந்தால் இழுவை கூடும், அந்தச் சத்தமே தனி இன்பம் என்பது கார்ப் பிரியர்களின் வாதம். இருக்கட்டும். பின்சீட்டில் தூங்கும் குழந்தைக்கு அந்த இன்பத்தில் பங்கில்லை.

கசிவைப் பார்க்கத் தனிக் கருவி தேவையில்லை. இஞ்சினை அணைத்துக் குழாய் ஆறிய பிறகு, காற்றூதும் புளோயரை வால்முனையில் வைத்து ஊதவிட்டு, ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நுரை தடவுங்கள். கேஸ் சிலிண்டரில் பார்க்கிறோமே, அதே சோதனைதான். குமிழி வந்தால் அங்கே கசிவு. சில வாரம் ஓட்டிய பிறகு இணைப்பில் கரிக்கோடு தெரிந்தாலும் அதே பொருள். குழாய் பிரேக் ஹோஸையோ பெட்ரோல் ஹோஸையோ நெருங்குகிறதா, கழற்றிய வெப்பத்தடுப்புத் தகடு திரும்ப ஏறியதா என்றும் பாருங்கள்.

நிறுத்திய காரில் இஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி. போட்டுத் தூங்காதீர்கள். வண்டியில் இருக்கும்போது இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால், உடனே இறங்கித் திறந்த வெளிக்கு வாருங்கள். மருத்துவமனையில் விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர் இந்த விஷத்தைப் பிரித்தறியாது, அளவு சரியாக இருப்பதாகவே காட்டும். ஆகவே சைலன்சர் மாற்றிய விவரத்தை மருத்துவரிடம் நீங்களே சொல்லி, கார்பன் மோனாக்சைடுக்கான இரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.