உங்களுக்குத் தெரியுமா? மூக்கில் பசை போட்டு ஒட்டிய மாஸ்க்!

தூக்கத்தில் மூச்சு அடைபட்டுத் திணறுவோருக்கான சிபாப் கருவியை உருவாக்கியவர் சிட்னி மருத்துவர் காலின் சல்லிவன். 5 நோயாளிகளிடம் அது தந்த பலன் 1981இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. கருவியிலிருந்து காற்றைச் செலுத்தும் தொடக்க கால மாஸ்க்கை அவரவர் மூக்கை அச்செடுத்துத்தான் செய்தார்கள். இரவுதோறும் பசை தடவி ஒட்ட வேண்டும்; காலையில் பிய்த்தெடுக்க வேண்டும்!

இப்போது மெத்தென்ற சிலிகோன் விளிம்பு வந்துவிட்டது. ஆனாலும் பொருத்தம்தான் எல்லாம். கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது கச்சிதமாக இருப்பது, வீட்டில் ஒருக்களித்துப் படுத்ததும் ‘புஸ்’ஸென்று கண்ணில் காற்றடிக்கும். எனவே கருவியை ஓடவிட்டு, படுத்துக்கொண்டே பட்டையைச் சரிசெய்யுங்கள். கசிகிறதே என்று இறுக்க இறுக்க, விளிம்பு நசுங்கிக் கசிவு கூடும். மூக்குத்தண்டில் சிவந்த தடம் புண்ணாகவும் மாறும். வெள்ளானூர், ஆவடிப் பக்கத்துக் கோடைப் புழுக்கத்தில் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் மாஸ்க்கை வழுக்கவைக்கும். படுக்குமுன் முகம் கழுவித் துடையுங்கள். மீசை அடர்த்தியா? மூக்குத் துளையில் மட்டும் பொருந்தும் வகையைக் கேட்டுப் பாருங்கள். ஈரப்பதத் தொட்டியில் போர் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும். காய்ச்சி வடித்த நீரே நல்லது.

உறுத்துகிறது என்று கருவியைப் பரணில் போட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லி, வேறு அளவு மாஸ்க் கேளுங்கள்.